ஆண்டறிக்கையில் இடம்பெறாத சாதனை



மாசி மாதம் பிறந்துவிட்டால் பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ்கள் பங்குத் தந்தையின் மேசைமேல் குவியத் தொடங்கும். தலைமை தாங்க ஒரு பள்ளி அழைக்கும், பரிசு வழங்க மற்றொன்று, வாழ்த்துரைக்கு வேறொன்று. இவ்வாண்டும் அவ்வாறே வள்ளியூரை அடுத்த ஒரு சிற்றூரில் உள்ள மேல்நிலைப் பள்ளியின் விழாவிற்குச் சென்றிருந்தேன். பள்ளியின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. அதன் காரணத்தை இக்கட்டுரையின் முடிவில் நீங்களே அறிவீர்கள்.

மாலை ஐந்து மணி என அச்சிட்டிருந்த விழா ஆறரை மணிக்குத் தொடங்கிற்று. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்பு நடனம் ஆகியவற்றுக்குப் பின் தலைமையாசிரியர் எழுந்து ஆண்டறிக்கை வாசித்தார். பத்தாம் வகுப்பிலும் பிளஸ் 2 வகுப்பிலும் பெற்ற தேர்ச்சி விழுக்காடு முதலில் வந்தது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஏழு நாள் முகாமிட்டு ஒரு குளத்தின் மடையைச் சீர்செய்தது அடுத்து வந்தது. சாரணர் இயக்கம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், பசுமைப் படை ஆகியவற்றின் பணிகள். வட்டார விளையாட்டுப் போட்டிகளில் கோகோவிலும் கபடியிலும் வென்ற கேடயங்கள். அறிவியல் கண்காட்சியில் பரிசு பெற்ற காற்றாலை மாதிரி. பழைய மாணவர் சங்கத்தார் கட்டித் தந்த குடிநீர்த் தொட்டி என அறிக்கை நீண்டது. ஒவ்வொன்றுக்கும் கைத்தட்டல் எழுந்தது.

இவற்றை நான் எளியவையாக எண்ணவில்லை. பீடி சுற்றியும், செங்கல் சூளையில் மண் சுமந்தும், வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்தும் பெற்றோர் அனுப்பி வைத்த பிள்ளைகள் அவர்கள். எங்கள் தந்தையர் காலத்தில் பள்ளி இறுதி வகுப்பில் தேறியவரின் வீட்டை ஊரார் விரல் நீட்டிக் காட்டுவர். 2024ஆம் ஆண்டு பிளஸ் 2 தேர்வில் தமிழக அளவில் தேறியோர் 100க்கு 94.56 பேர், அடுத்த ஆண்டு அது 95.03 ஆயிற்று. இந்த எண்களுக்குப் பின்னால் எத்தனை தாய்மாரின் வியர்வையும், எத்தனை ஆசிரியரின் மாலை நேரச் சிறப்பு வகுப்புகளும் உள்ளன என்பதை அறிந்தவர் எவரும் அவற்றை இகழார்.

ஆயினும் அன்று என் அருகில் அமர்ந்திருந்த மூத்த ஆசிரியை ஒருவர் மெல்லச் சொன்ன ஒரு செய்தி, அறிக்கை முழுவதையும் விட என் நெஞ்சில் ஆழமாகத் தங்கிவிட்டது.

"சாமி, இந்த வருசம் நாங்கள் செய்த பெரிய காரியம் இந்த அறிக்கையில் இல்லை" என்றார் அவர்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று எண்ணினர். நான்காம் நாள் வகுப்பாசிரியை அவன் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தார்; எடுப்பார் இல்லை. சனிக்கிழமையன்று, அவனோடு படிக்கும் இரு மாணவரையும் அழைத்துக்கொண்டு அவன் ஊருக்கே சென்றார். அந்த இருவரும் வேறு வேறு தெருவினர். அவனுடைய தெருவுக்குள் அதுவரை கால் வைத்திராதவர்கள். உண்மை அங்கே வெளிப்பட்டது. பேருந்தில் மேல்வகுப்பு மாணவர் சிலர் தங்கள் பைகளை அவன்மீது சுமத்தியிருக்கின்றனர். அமர்ந்திருந்த இடத்தினின்று எழுப்பியிருக்கின்றனர். அவன் பிறந்த சாதியைச் சொல்லி அழைத்திருக்கின்றனர். "வேண்டாம் டீச்சர், வம்பு வேண்டாம், அவன் சூளைக்கே வரட்டும்" என்று தாய் கை கூப்பினாராம். ஆசிரியை அவ்வீட்டுத் திண்ணையை விட்டு எழவில்லை. திங்களன்று அவன் பள்ளிக்கு வந்தான். அன்று முதல் பத்து நாள்கள், காலையும் மாலையும், தலைமையாசிரியரே தம் இருசக்கர வண்டியைப் பள்ளியில் விட்டுவிட்டு அந்தப் பேருந்தில் பயணம் செய்தார். எவரையும் அவர் உரத்துக் கடிந்துகொள்ளவில்லை. அவன் பக்கத்து இருக்கையில் அமர்ந்து சென்றார், அவ்வளவே. பைகளைச் சுமத்திய மாணவரை ஒவ்வொருவராகத் தம் அறைக்கு அழைத்துப் பேசினார். அவர்தம் பெற்றோரையும் வரவழைத்தார்.

நாற்பது நிமிடம் நீண்ட அறிக்கையில் இதற்கு ஒரு வரி கூட இல்லை!

இது ஒரு சிறிய நிகழ்ச்சி அன்றோ, இதைப் பெரிதுபடுத்துவானேன் என்று சிலர் வினவக்கூடும். அவர்கள் 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களை நினைவுகூர வேண்டும்.

நம் வள்ளியூரில் உள்ள ஒரு பள்ளியில் பிளஸ் 2 பயின்ற மாணவர் ஒருவர், சில நாள்களாகப் பள்ளிக்கு வராதிருந்தார். காரணம் கேட்டபொழுது, உடன் பயில்வோர் சிலர் சாதியின் பெயரால் தம்மைத் துன்புறுத்துவதாகச் சொன்னார். புகார் பெறப்பட்டது. ஆகஸ்ட் 9ஆம் நாள் இரவு, நாங்குநேரியில் அவர் வீட்டுக்குள் புகுந்த சிறுவர்கள் அரிவாளால் அவரை வெட்டினர். தடுக்கப் பாய்ந்த தங்கையும் வெட்டுண்டாள். தாக்கியவர்கள் எங்கிருந்தோ வந்த கொள்ளையர் அல்லர். அதே பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்த பிள்ளைகளே அவர்களுள் இருந்தனர்.

அந்தச் செய்தி வந்த காலையில் நம் வட்டாரத்தில் பல வீடுகளில் உலை வைக்கவில்லை. தமிழகமே தலைகுனிந்தது. ஆனால் தலை குனிந்ததோடு கதை முடிந்துவிடவில்லை. பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையில் பல திங்கள் சிகிச்சை பெற்ற அம்மாணவர், படிப்பைக் கைவிடவில்லை. கைகளில் பட்ட வெட்டுகள் ஆறி வரும்பொழுதே பாடங்களைத் தொடர்ந்தார். சொல்வதை எழுதுவோரின் துணையோடு பொதுத்தேர்வு எழுதினார். 2024 மே 6 அன்று முடிவுகள் வெளிவந்தபொழுது, 600க்கு 469 மதிப்பெண்கள் பெற்றிருந்தார். மறுநாள் முதலமைச்சர் அவரை அழைத்துப் பாராட்டினார்.

மாநில முதலிடம் பெறுவோர் 600க்கு மிக அருகில் மதிப்பெண் வாங்குகின்றனர். அவர்களோடு ஒப்பிட்டால் 469 பெரிய எண் அன்று. ஆயினும் நம் மாவட்டத்துப் பள்ளிகளின் அண்மைக்காலச் சாதனை எது என்று எவரேனும் என்னைக் கேட்டால், தயங்காமல் நான் அந்த எண்ணைத்தான் சொல்வேன். வெட்டிய அரிவாள் அந்தக் கைகளிலிருந்து எதைப் பறிக்க முயன்றதோ, அதையே அந்தக் கைகள் திரும்பப் பெற்றுக்கொண்டன. அதே சமயம் இன்னொரு கேள்வியும் நம்மைத் துளைக்கத்தான் வேண்டும். அந்தச் சாதனை அம்மாணவருடையது, அவர் தாயுடையது, மருத்துவருடையது, அவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியருடையது. ஊராகிய நமக்கு அதில் பங்கு உண்டா?

ஒரு பிள்ளை புகார் சொல்ல முன்வருவது எளிதன்று. அதைக் காது கொடுத்துக் கேட்பது பள்ளியின் கடமையில் பாதி. புகார் சொன்ன பிள்ளை அன்று மாலை எந்தப் பேருந்தில் ஏறுவான், எந்தத் தெரு வழியே வீடு சேர்வான், இரவில் அவன் வீட்டுக் கதவை யார் தட்டக்கூடும் என்றெல்லாம் எண்ணிப் பார்ப்பது மறுபாதி. அந்த மறுபாதியைப் பள்ளி மட்டும் தனியே செய்ய இயலாது. பெற்றோரும், ஊராரும், காவல் துறையினரும், நம்மைப் போன்ற துறவியரும் சேர்ந்து செய்ய வேண்டியது அது.

நாங்குநேரி நிகழ்ச்சி திடீரென வானத்திலிருந்து விழுந்ததும் அன்று. நம் மாவட்டத்துப் பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டி வருவதை நாம் நெடுங்காலமாகவே பார்த்து வந்தோம். பார்த்தும் பாராதவர் போல் இருந்தோம். 2019ஆம் ஆண்டு சூலையில் பள்ளிக் கல்வி இயக்குநர், இத்தகைய வண்ணக் கயிறுகள் வழங்கும் பள்ளிகளைக் கண்டறிந்து தடுக்குமாறு சுற்றறிக்கை அனுப்பினார். அச்சுற்றறிக்கைக்கு எதிர்ப்பு எழுந்ததேயன்றி, கயிறுகள் அறுபடவில்லை. 2022 ஏப்ரலில், அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி வளாகத்தில் கயிறு பற்றி மூண்ட சச்சரவு ஒரு பிளஸ் 2 மாணவரின் உயிரைக் குடித்தது.

காமராசர் முதல்வராக இருந்த காலத்தில் பள்ளிகளில் மதிய உணவும் சீருடையும் பரவியதை நம் பெரியோர் நன்றியோடு நினைவுகூர்வர். ஏழைக் குழந்தையும் வசதியுள்ள குழந்தையும் ஒரே பந்தியில் உண்ணட்டும், ஒரே துணியில் அமரட்டும் என்பதன்றோ அதன் கருத்து? அரை நூற்றாண்டுக்கு மேலாக அரசு தைத்துக் கொடுத்த அந்தச் சமத்துவத்தை, இரண்டு ரூபாய்க் கயிறு ஒன்று மணிக்கட்டில் ஏறி அமர்ந்துகொண்டு கேலி செய்கிறது.

சாதனையே பகைக்குக் காரணமான கொடுமையும் நிகழ்ந்தது. 2025 மார்ச் மாதம், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், பிளஸ் 1 தேர்வு எழுதுவதற்காகப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த ஒரு மாணவரைச் சிறுவர்கள் இறக்கி வெட்டினர். அவர் கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டி ஒன்றில் அவர் அணி பெற்ற வெற்றியே பகைக்கு விதை என்று செய்திகள் கூறின. கபடி நம் மண்ணின் ஆட்டம். தோற்றவன் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, வென்றவன் தோளில் கை போடுவதுதான் அதன் அழகு. தோல்வியைத் தாங்கிக்கொள்ளக் கற்றுத் தராத விளையாட்டு, கேடயம் கொண்டு வந்தாலென்ன, கொண்டு வராவிட்டாலென்ன? எதிரணியில் இன்னார் இருந்ததால் தோல்வி இழிவு என்று ஒரு பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்தவர் யார்?

இவ்வளவும் பிறரைப் பற்றிய பேச்சு என்று எண்ணி நாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட வேண்டா. நம் வீட்டுக் கதையையும் சொல்லத்தான் வேண்டும்.

வள்ளியூரிலிருந்து தெற்கே சென்றால் சிறிது நேரத்தில் வடக்கன்குளம் வந்துவிடும். அங்குள்ள திருக்குடும்ப ஆலயத்தைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது கட்டப்பட்டபொழுது, பீடத்தில் வந்து கூடும் இரு கைகளாக, கால்சட்டையின் இரு குழாய்களைப் போல, இரண்டு பகுதிகளாகவே எழுப்பப்பட்டது. ஒரு சாதியார் ஒரு பகுதியில் நின்றனர். ஏனையோர் மறு பகுதியில் நின்றனர். ஒரே பலியை இரு கூட்டமாக நின்று கண்டனர்! 1910ஆம் ஆண்டில் கௌசானல் அடிகளார் நடுவில் நின்ற பிரிவினையைத் தகர்த்தார். அமைதியாக எவரும் அதை ஏற்கவில்லை. கலகம் மூண்டது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது, பிரிவினையை மீண்டும் எழுப்பக் கேட்டோர் அங்கே தோற்றனர்.

அதே கௌசானல் அடிகளார்தாம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1903இல், திரு இருதய சகோதரர் சபையைத் தோற்றுவித்தவர். அச்சபையினர் இன்றளவும் கல்விப் பணி ஆற்றி வருகின்றனர். கோவிலில் சுவரை இடித்தவரும், பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஒரு சபையைத் தொடங்கியவரும் ஒருவரே என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. கடப்பாரையால் இடித்த சுவர் மனத்தில் மறுபடி எழாதிருக்க வேண்டுமானால், அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745 மே 14 அன்று நீலகண்டன் என்னும் அரண்மனை அலுவலர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பிறப்பால் உயர்ந்தோர் தாழ்ந்தோர் எனப் பாராமல் எல்லாரோடும் கலந்து பழகியது, அவர்மீது மேல்தட்டினர் கொண்ட வெறுப்புக்குக் காரணங்களுள் ஒன்று. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தபொழுது, நெடுநாள் வழங்கி வந்த சாதிப் பட்டம் நீங்கி, தேவசகாயம் என்ற திருமுழுக்குப் பெயர் மட்டுமே நின்றது. புனிதரின் பெயரிலிருந்தே அந்த ஒட்டு உதிர்ந்துவிட்டது. நம் வீட்டுத் திருமண அழைப்பிதழ்களிலிருந்து அது உதிர்ந்ததா? சில பங்குகளில் இன்றும் சப்பரம் எந்தத் தெருவுக்குள் வரலாம் என்று பேச வேண்டியிருக்கிறதே! இவற்றை எல்லாம் பார்த்து வளர்கின்ற பிள்ளை, பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றுவது போல் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்லும் என்று எதிர்பார்க்கலாமா?

வாசகர்களே, இனி என் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வேறோர் ஊரில் பங்கோடு ஒரு பள்ளியின் தாளாளர் பொறுப்பும் எனக்கு இருந்தது. இளமை, எல்லாவற்றையும் ஒழுங்காக நடத்திக் காட்ட வேண்டும் என்ற வேகம். ஒரு நாள் காலை ஒரு தந்தை வந்து என் அறை வாசலில் நின்றார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. பத்தாம் வகுப்பில் படிக்கும் தம் மகனைச் சிலர் சாதிப் பெயர் சொல்லி அழைப்பதாகவும், அவன் மிதிவண்டிச் சக்கரத்தை இருமுறை கிழித்துவிட்டதாகவும், அவன் பள்ளிக்கு வர மறுப்பதாகவும் சொன்னார்.

நான் என்ன செய்தேன்? இரு தரப்புப் பிள்ளைகளையும் அழைத்தேன். "பிள்ளைகளுக்குள் ஆயிரம் சண்டை வரும், இதைப் பெரிதாக்க வேண்டாம்" என்றேன். இருவரையும் கை குலுக்கச் செய்தேன். சிலுவை அடையாளமிட்டு ஆசீர்வதித்து அனுப்பினேன். சிக்கலைத் தீர்த்துவிட்டதாகவே எண்ணி அன்று பகல் உணவை நிறைவோடு உண்டேன். அந்தச் சிறுவன் மூன்று நாள் வந்தான். பிறகு வரவில்லை. தேர்வு நெருங்கிய சமயம். எவரும் அவனைத் தேடிச் செல்லவில்லை.

அவ்வாண்டு எங்கள் பள்ளி அதுவரை காணாத தேர்ச்சி விழுக்காட்டைப் பெற்றது. ஆண்டு விழாவில் நானே அதை வாசித்தேன்; கைத்தட்டல் அடங்கச் சிறிது நேரமாயிற்று. தேர்வு எழுதாதவன் தோல்வியடைவதில்லை அன்றோ! பட்டியலிலிருந்து நின்றுபோனவன் விழுக்காட்டைக் குறைப்பதுமில்லை. அவன் இல்லாமையே எங்கள் எண்ணை உயர்த்தியிருக்கவும் கூடும் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, நாகர்கோவிலில் ஒரு தேநீர்க் கடையில் அவனைக் கண்டேன். கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டு, கைகளைத் துடைத்தபடி ஓடி வந்து, "சௌக்கியமா சாமி?" என்றான். தேநீருக்கு நான் நீட்டிய காசை வாங்க மறுத்துவிட்டான். அவன் என்னைக் கடிந்து பேசியிருந்தால் ஒருவேளை நான் மறந்திருப்பேன். அந்தத் தேநீரின் சூடு மட்டும் இன்னும் என் நாவில் இருக்கிறது.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனைப் பற்றி எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். தாளாளர் நாற்காலியில் அமர்ந்தபொழுது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நல்ல விழுக்காடுதானே என்று எண்ணிவிட்டேன்.

நாங்குநேரி நிகழ்ச்சிக்குப் பின், மாணவரிடையே சாதி வேற்றுமையைப் போக்கும் வழிகளை ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்களைத் தமிழக அரசு நியமித்தது. 2024 சூன் 18 அன்று அவர் அறிக்கையை அளித்தார். பள்ளிகளின் பெயரில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர்களை நீக்க வேண்டும்; வருகைப் பதிவேட்டில் சாதியைக் காட்டும் குறிப்பு இருத்தலாகாது; சாதியை உணர்த்தும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவை கூடா; மாணவரைப் பெயரின் அகரவரிசைப்படி அமர்த்த வேண்டும்; 500 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளில் மாணவர் நலனுக்கென ஓர் அலுவலர் வேண்டும்; அறநெறி கற்பிக்க வகுப்புகள் வேண்டும் என்பன அவருடைய பரிந்துரைகளுள் சில. இவற்றுள் சிலவற்றைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. அரசு எதை எப்பொழுது செய்யும் என்று காத்திருக்க வேண்டிய தேவை நமக்கில்லை. அகரவரிசைப்படி பிள்ளைகளை அமர்த்த அரசாணை எதற்கு? ஒரு வகுப்பாசிரியர் நாளைக் காலையே அதைச் செய்துவிடலாமே!

ஆனால் பள்ளியால் மட்டும் ஆவதன்று இது. சாதி வகுப்பறையில் முளைப்பதில்லை. சோற்றுப் பாத்திரத்தோடு வீட்டிலிருந்துதான் வருகிறது. மகன் ஒரு நண்பனின் பெயரைச் சொன்னவுடன், "அவன் எந்தத் தெரு?" என்று நாம் கேட்கின்ற அந்தக் கேள்வியே அவனுக்கு முதல் பாடம். அந்தப் பாடத்தை எந்த ஆசிரியரும் எளிதில் அழிக்க இயலாது.

ஆகவே பெற்றோருக்கு என் பணிவான வேண்டுகோள் ஒன்று. மாலையில் பிள்ளைகள் வீடு திரும்பியதும், எத்தனை மதிப்பெண் என்று கேட்கிறீர்கள். கேளுங்கள், அது தவறன்று. அதோடு இன்னும் ஒன்று கேளுங்கள். "இன்று உன் வகுப்பில் யார் வரவில்லை? ஏன் வரவில்லை?" முதல் நாள் பிள்ளைக்குத் தெரியாது. பத்து நாள் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். பக்கத்து இருக்கை வெறுமையாய் இருப்பதை அவன் கவனிக்கத் தொடங்குவான். கவனித்தவன் ஒரு நாள் காரணம் கேட்பான். காரணம் கேட்டவன், மறுபடி அந்தக் கேலியில் சேர மாட்டான். தம் பிள்ளையின் மணிக்கட்டில் வண்ணக் கயிறு இருப்பதைக் காண்கின்ற தாய், அது எங்கிருந்து வந்தது, யார் கட்டினார் என்று அன்றே விசாரிக்கட்டும். வெட்டுண்ட பிள்ளையின் தாய் மட்டும் அழவில்லை. வெட்டிய பிள்ளைகளின் தாய்மாரும் கூர்நோக்கு இல்லத்தின் வாசலில் நின்று அழுதிருப்பர் என்பதை மறவாதீர்கள்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை; நான் செய்யத் தவறியதை முன்னமே சொல்லிவிட்டேன். வருகைப் பதிவேட்டில் நீங்கள் இடுகின்ற விடுப்புக் குறி சில வேளைகளில் ஒரு பிள்ளையின் அழுகுரல். மூன்று நாள் தொடர்ந்து அக்குறி விழுந்தால், நான்காம் நாள் எழுந்து புறப்படுங்கள். எங்கள் பங்கு வண்டி உங்களுக்காகக் காத்திருக்கும்.

முதலில் சொன்ன ஆண்டு விழாவிற்குத் திரும்புவோம். பரிசளிப்பு முடிந்து, நாட்டுப்பண் பாடி, கூட்டம் கலைந்தது. மேடைக்குப் பின்னால் தேநீர் அருந்திக்கொண்டிருந்த தலைமையாசிரியரிடம் சென்றேன். சற்று உரிமையோடு, குறையாகவே கேட்டேன்.

"சார், குளத்து மடையைச் சீர்செய்ததை எல்லாம் வாசித்தீர்கள். பத்து நாள் பேருந்தில் போனீர்களே, அதை ஏன் சேர்க்கவில்லை? மற்றப் பள்ளிகளுக்கும் அது எடுத்துக்காட்டாக இருந்திருக்குமே!"

அவர் குவளையைக் கீழே வைத்தார். மைதானத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சாமி, அந்தப் பையன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். நான் வாசித்திருந்தால் எல்லாரும் கை தட்டியிருப்பார்கள். ஆனால் எல்லாரும் திரும்பி அவனைத்தான் பார்த்திருப்பார்கள். மற்றப் பிள்ளைகளைப் போல அவனும் ஒரு பிள்ளையாக இருக்க வேண்டும் என்றுதானே சாமி நாங்கள் பேருந்தில் போனோம்?"

எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

அடுக்கிய நாற்காலிகளைத் தூக்கிச் சென்றவருள் எவன் அந்தச் சிறுவன் என்று நானும் கேட்கவில்லை. ஐந்தாறு பேர் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிச் சிரித்தபடி சென்றனர். அவர்களுள் எவனாக வேண்டுமாயினும் அவன் இருந்திருக்கலாம். ஒரே சீருடை, ஒரே புழுதி.

உங்கள் ஊர்ப் பள்ளியின் ஆண்டு விழாவிற்கு இனி நீங்கள் செல்லும்பொழுது, வாசிக்கப்படும் சாதனைகளுக்கு நன்றாகக் கை தட்டுங்கள். உழைத்தவர்க்கு அது உரியது. வீடு திரும்பும் வழியில், வாசிக்கப்படாத சாதனை ஏதேனும் அங்கே நிகழ்ந்திருக்குமா என்று சற்றே எண்ணிப் பாருங்கள். நிகழவில்லை என்று தோன்றினால், வரும் ஆண்டில் அது நிகழ நீங்கள் செய்யக்கூடியது என்ன என்றும் எண்ணுங்கள்.

நம் பிள்ளைகள் எல்லாரையும், வந்தவரையும் வராதவரையும், இறைவன் காப்பாராக.